பாலாடையோடு மலையேறிய கதை

எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம். அதற்கு அடுத்தது வைக்கோல் போர். மன்னார்குடித் தாலுகாவில் பிறந்து, அங்கேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்ட எனக்கு மலை என்பது காலண்டரில் முருகன் நிற்கிற இடம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்தில் ஆறு நாள் லீவு போட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு சித்தேரி மலை ஏறினேன். காடு பார்க்கிற ஆசை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நாங்கள் போனது ஒரு குழந்தையை எடுத்து வர.

விசாலத்துக்கும் எனக்கும் கல்யாணமாகி அப்போது பதினோரு வருஷம். வேண்டாத தெய்வமில்லை, அவள் சுற்றாத அரசமரமில்லை. முதலில் எல்லோரும் 'விசேஷம் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்டதைவிட நிறுத்தியதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். நான் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசாமல் இருப்பதுதான் ஆறுதல் என்று எண்ணியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அண்ணன் முத்தையாவிடமிருந்து கடிதம் வந்தது. முத்தையா ஐந்து வருஷத்துக்கு முன்பு பாப்பிரெட்டிப்பட்டியில் போய் ஜவுளிக்கடை வைத்தவர். அவர் எழுதியிருந்தது இது:

'மலை மேலே ஒரு காட்டுப் பாப்பா கிடைத்திருக்கிறது. தாய் இல்லை. மரம் வெட்டின இடத்தில் கண்டெடுத்துக் குடிசையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கை கால் மெலிவுதான். ஆனால் கண் மட்டும் பெரிது பெரிதாக அத்தனை அழகாம். ஆட்டுப்பால் கொடுத்தால் குடிக்கிறதாம். விரலை நீட்டினால் பிடித்த பிடியை விடுவதில்லையாம். பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழித்துக்கொண்டிருக்கிறதாம். வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சம்மதமானால் உடனே புறப்படவும்.'

ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. அந்த மாதிரி முக்கியமானதை விட்டுவிடுவது முத்தையாவின் வழக்கம்.

எனக்கு உள்ளூரப் பயம். யார் பெற்றதோ, என்ன நோயோ, நாளைக்கு யாராவது வந்து 'என் பிள்ளை' என்று நின்றால் என்ன செய்வது? இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் விசாலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்தின்போது அவள் அம்மா வைத்து அனுப்பிய, குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். பதினோரு வருஷமாக ஒரு சொட்டுப் பால் படாத பாலாடை. நான் வாயை மூடிக்கொண்டேன். போய்ப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பாறை. எங்கள் பக்கத்தில் ஒரு கல் வேண்டுமென்றால் அம்மி கொத்துகிறவனிடம்தான் கேட்க வேண்டும். இங்கே ஊரே பாறைகளுக்கு நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்திருந்தது. சிவப்பு மண், கேழ்வரகு அறுத்த தாள், அங்கங்கே புளியமரம். வயலில் தண்ணீர் நிற்காத ஊரைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்றும், தண்டவாளத்தையே பெயர்த்து யுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் ஒரு போர்ட்டர் சொன்னார். எங்கள் திசைக்கு எப்படியும் பஸ்தான்.

அது பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் நெல் அவிக்கிற அண்டா அளவுக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதை ஊதிக் கிளப்பினார். கால் மணியில் கிளம்பும் என்றார்கள். முக்கால் மணி ஆயிற்று. கிளம்பிய வண்டி முதல் மேட்டிலேயே பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் வெகு சாதாரணமாக, "ஆம்பளைங்க எல்லாம் எறங்கிக்குங்க" என்றார். எல்லோரும் பழக்கப்பட்டவர்கள் போல இறங்கித் தோள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளிய அனுபவம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு இல்லை.

தள்ளும்போது கண்டக்டர் என் பக்கத்தில் இருந்தார். எந்த ஊர், என்ன விஷயம் என்று விசாரித்தார். முன்பின் தெரியாத ஆளிடம் குடும்ப விஷயத்தைச் சொல்லுகிறவன் அல்ல நான். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பொய் வராது போலிருக்கிறது. 'குழந்தையை அழைத்துப் போக வந்திருக்கிறோம்' என்று சொல்லிவிட்டேன். மேடு ஏறி முடிவதற்குள் விஷயம் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு அம்மாள் விசாலத்திடம் ஆட்டுப்பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"திரும்பி வாரப்ப சொல்லுங்க" என்றார் கண்டக்டர். "கொழந்தய வெச்சிக்கிட்டுப் பின்னால குந்தவேணாம், கரிப்புகை ஆவாது. முன் சீட்டு உங்களுதுங்க. பேரு ஏதாச்சும் ரோசன பண்ணி வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அது பொய். அந்த மேட்டில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே ஒரு பெயர் வந்து மனசில் உட்கார்ந்துவிட்டது. பெண் குழந்தைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியும், அவ்வளவுதான். ஆனால் பிறக்கும் முன்பே பெயரைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். விசாலத்திடம்கூடச் சொல்லவில்லை.

முத்தையா வீட்டில் ராத்திரி களி. ரேஷன் அரிசி தீர்ந்துபோய்விட்டது என்று அவர் மனைவி கூச்சப்பட்டாள். உருண்டையின் நடுவே குழி பறித்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினார்கள். முதல் வாயை நான் சோறு மாதிரி மென்றேன். மேல் அண்ணமும் கீழ்ப் பல்லும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. "மெல்லக்கூடாது மாப்பிள்ளை, விழுங்கணும்" என்றார் முத்தையா. மெல்லாமல் விழுங்குகிற சாப்பாட்டுக்கு எதற்குப் பல் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது வாயில் வழிக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

குழந்தையைப் பற்றி அவருக்குச் சொன்னவர் சென்னப்பா என்ற புளி வியாபாரி. மாரண்டஹள்ளிக்காரர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. மலையில் புளியும் தேனும் கடுக்காயும் வாங்கப் போகிறவர். அவர் பேச்சு உங்களுக்கு நன்றாகப் புரிந்ததா என்று நான் கேட்டேன். குமாஸ்தா புத்தி. முத்தையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சு வருஷமா இங்கே கடை வெச்சிருக்கேன். இந்த ஊர்ப் பாஷை எனக்கு அத்துப்படி" என்றார்.

மறுநாள் விடியலில் மாட்டு வண்டியில் மலையடிவாரம் போனோம். நாங்கள் வருகிற விஷயத்தைச் சென்னப்பா முன்பே மேலே சொல்லியனுப்பியிருந்ததால், சின்னாண்டி என்ற மலைக்காரர் இறங்கி வந்து காத்திருந்தார். குழந்தை அவருடைய வீட்டில்தான் இருந்தது. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கொடுவாள், தலையில் கம்பளித்துண்டு. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணுக்குங்களா?"

எவ்வளவு அழகாகக் கேட்கிறார் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கண்ணுக்குக் கண்ணாக வளர்ப்பதற்கா என்று கேட்கிறார், பாவம், இத்தனை நாள் வைத்துக் காப்பாற்றியவருக்கு அந்தக் கவலை இருக்காதா? "ஆமாம். கண்ணுக்குத்தான். வேறு எதற்கு இவ்வளவு தூரம் வருகிறோம்?" என்றேன். அவர் முகம் இறுகிப்போயிற்று. மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிரிவை நினைத்து வருந்துகிறார் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் முள்ளும் வெயிலும். பிறகு மூங்கில். அதற்கும் மேலே போனதும் திடீரென்று யாரோ பந்தல் போட்டது போல நிழல் வந்துவிட்டது. மரங்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நின்றன. அடிமரமெல்லாம் பாசி. கீழே மட்கிய இலை மெத்தை மாதிரி அழுந்தியது. தை மாத மூடுபனி பத்து மணிக்கும் கலையவில்லை. ஓடைச் சத்தம் கேட்டது, ஓடை தெரியவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் இருந்தால் நாலு மைலுக்குத் தெரியும். இங்கே எல்லாவற்றையும் காதால்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காதுக்குத்தான் என்ன விருந்து! ஒரு பறவை, நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்துச் சரிபார்ப்பது போல ஒரு பிடி ஊதும், நிறுத்தும், மறுபடி வேறு மாதிரி ஊதும். கச்சேரியை மட்டும் ஆரம்பிக்காது. தலைக்கு மேல் பச்சைப் புறாக்கள் ஆலம்பழத்தைக் கொத்தித் தின்று மிச்சத்தை எங்கள் மேல் போட்டன. காட்டுக்கோழி ஒன்று பாதையைக் குறுக்கே கடந்தது, வீட்டுக்கோழி மாதிரி அலறாமல், கௌரவமாக. பூனை அளவுக்கு ஓர் அணிலைக் கண்டு நான் நின்றுவிட்டேன். அது மலையணில் என்றார் சின்னாண்டி, திரும்பிப் பார்க்காமலே.

ஒரு பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றுக் கட்டைப் பிரித்தபோது குரங்குகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. சோற்றை நான் மார்போடு அணைத்துக் காப்பாற்றினேன். ஒரு தாட்டியான கடுவன் மூட்டைக்குள் கையை விட்டு, மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கிய மரக் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டது. அசைத்தது. கலகலவென்று சத்தம் வந்ததும் பயந்துபோய்ப் போட்டுவிட்டு ஓடியது. கூட்டம் முழுக்க ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்தன. கடுவன் மறுபடி எடுத்து அசைத்தது, மறுபடி ஓட்டம். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் குரங்கு மட்டும் நகரவில்லை. விசாலமும் அதுவும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிலுகிலுப்பையை மீட்டுக் கொடுத்த சின்னாண்டி, இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பாப்பா விளையாடத்தான் என்றேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அங்கிருந்து மேலே ஏறும்போது நான் அடியோடு மாறிப்போயிருந்தேன் என்று சொல்ல வேண்டும். வாசலில் வைத்திருந்த காலும் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. இறங்கும்போது குழந்தையை யார் தூக்குவது, செங்குத்தான இடத்தில் முதுகில் கட்டிக்கொள்வதா, எங்கள் கிணற்றின் கைப்பிடிச் சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டுமே என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். மூச்சு முட்டியது, கால் நடுங்கியது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கோயிலுக்கும் படியேறினதில்லை.

பிற்பகலில் ஊர் வந்தது. ஏழெட்டுப் புல் வேய்ந்த வீடுகள், வாசலில் உலர்கிற சாமை. சின்னாண்டியின் மனைவி குப்பாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் கூடை தொங்கியது. விசாலம் கைகால் கழுவிக்கொண்டு, பாலாடையையும் என் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னச் சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

குப்பாயி அவளைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களப் பாத்தா நல்லவங்களாத்தான் தெரியுது. ஆனாக்கா நான் குடுக்கமாட்டேனுங்க. தாயப் பறிகுடுத்துட்டு வந்த சீவன். கண்ண நோண்டறதுக்கு நான் பால் ஊத்தி வளக்கல."

விசாலத்தின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "என்ன சொல்றீங்க? யார் கண்ணை?" என்றாள்.

குப்பாயி சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் சட்டை, கழுத்தில் முடிச்சுப் போடும் நாடா. என்ன நினைத்தாளோ, கூடையை இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளே கந்தலுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறப் பந்து. அது மெதுவாகப் பிரிந்தது. குச்சி மாதிரிக் கை, குச்சி மாதிரிக் கால், வால் கிடையாது, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இரண்டு கண்கள்.

"இது என்ன?" என்றேன்.

"தேவாங்குங்க."

"குழந்தை எங்கே?"

"எந்தக் கொழந்தைங்க?"

சின்னாண்டிக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னடம் பேசறவங்க இதத்தாங்க காடுபாப்பானு சொல்லுவாங்க. இதோட கண்ணுல மருந்து செய்யறாங்கன்னு கேட்டு வருவாங்க. நீங்களும் அதுக்குத்தான்னு இருந்துட்டனுங்க. கேட்டதுக்கு ஆமான்னீங்களே."

முத்தையாவின் கடிதத்தை மனசுக்குள் மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தாய் இல்லை, கை கால் மெலிவு, பெரிய கண், பகலில் தூக்கம். பாஷை அத்துப்படியான மனுஷர் ஒரே ஒரு வார்த்தையில் வழுக்கி, எங்களை மன்னார்குடியிலிருந்து இந்த உச்சி வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விசாலம் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவாங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சோடாபுட்டிக் கண்ணாடியும் ஒட்டின கன்னமுமாக நான் நின்றிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் தேவாங்கு என்றுதான் கூப்பிட்டார்கள் என்று எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறேன். "அப்பா ஜாடைதான்" என்றாள், சிரிக்க ஆரம்பித்தாள். குப்பாயியும் சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. நாற்பதை நெருங்குகிற மனுஷன், முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில், சாமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். இரண்டு நாளாக நான் தகப்பனாக இருந்தேன். அந்த உத்தியோகம் போய்விட்டது.

விசாலத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் என்னை அதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் தேவாங்கு முழுதாக விழித்துக்கொண்டது. குப்பாயி ஆட்டுப்பால் கொண்டுவந்தாள். விசாலம் அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். வெள்ளி விளிம்பைச் சின்னக் கையால் பிடித்துக்கொண்டு அது நக்கிக் குடித்தது. குடித்து முடித்துவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அதிலும் கடிதம் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எங்களுக்கு வேலை எதுவுமில்லை. குழந்தைக்காக வைத்திருந்த நாள் அது. குப்பாயி எங்களை ஓடைப்பக்கச் சோலைக்கு அழைத்துப்போனாள். நேற்றுக் காதால் பார்த்த ஓடையை இன்று கண்ணால் பார்த்தேன். கருமுகமும் நீண்ட வாலுமாக முசுக் குரங்குகள் மரத்துக்கு மரம் பாய்ந்தன. கிளை வளைந்து நிமிர்ந்த பிறகுதான் பாய்ந்தது தெரிந்தது. மாங்குயில் மஞ்சளாகக் குறுக்கே போயிற்று. மரங்கொத்தி ஒன்று ஆசாரிக்குப் போட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு குஞ்சு, எவ்வளவு குட்டி! காடு முழுக்கப் பிள்ளை பெற்று வைத்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

குப்பாயி நெல்லிக்காய் பறிக்கப் போனபோது விசாலம் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பதினோரு வருஷமா நான் ஒருத்திதான் அழுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு நாளும் கேட்டதில்லை, ஒரு பேச்சுப் பேசினதில்லை. இவருக்கு வேணும்னே இல்லை போலிருக்குன்னு இருந்துட்டேன்."

பேசாமல் இருந்ததை ஆறுதல் என்று நினைத்த முட்டாள்தனத்தை எந்த வார்த்தையில் சொல்லுவது? அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் தண்ணீரில் காலை வைத்தேன். குளிர்ச்சி மண்டைக்கு ஏறியது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. குப்பாயி மடி நிறைய நெல்லிக்காயோடு வந்தாள். தின்றுவிட்டு ஓடைத் தண்ணீரைக் குடித்தோம், இனித்தது.

தேவாங்கு இப்போது தானே வெட்டுக்கிளி பிடிக்கிறது, சென்னப்பா கையில் சிக்கக்கூடாது என்றுதான் கூடையில் வைத்திருக்கிறேன் என்றாள் குப்பாயி. அதைத் தருவதாகச் சென்னப்பாவுக்குச் சின்னாண்டி கொடுத்த வாக்கு என்னாவது என்று நான் கேட்டேன். தஞ்சாவூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னால் தீர்ந்தது என்றாள். அது ஒன்றும் பொய்யாகிவிடாது என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது.

சூரியன் இறங்கும் நேரத்தில் நாலு பேரும் சோலைக்குப் போனோம். விசாலம் அதைச் சின்னச் சட்டையில் பொதிந்து எடுத்து வந்தாள். தாழ்ந்த கிளையில் வைத்தபோது அது அவள் விரலை விடவில்லை. ஒவ்வொரு விரலாகக் குப்பாயிதான் பிரித்துவிட்டாள். பிறகு அது ஏறத் தொடங்கியது. அவசரமே இல்லை. ஒரு கையை நீட்டும், யோசிக்கும், பிடிக்கும். அடுத்த காலை எடுக்கும். தபால் ஆபீசில் ஸ்டாம்பு எண்ணுகிறவர் மாதிரி. மேல் கிளையிலிருந்து ஒரு தடவை கீழே பார்த்தது. இலைக்குள் போய்விட்டது. எங்கோ மேலே மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்டது. வேறொரு தேவாங்கு கூப்பிடுகிறது என்றார் சின்னாண்டி. சட்டையை விசாலம் உதறி மடித்து, பேறுகாலம் நெருங்கியிருந்த குப்பாயியின் மகளுக்கென்று கொடுத்துவிட்டாள். பாலாடையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான்காம் நாள் இறங்கினோம். பாப்பிரெட்டிப்பட்டியில் முத்தையா வாசலிலேயே நின்றிருந்தார், பின்னால் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு. விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் கடைக்குள் போய்த் துணிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வரவில்லை. விசாலம் போய், "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சுதுன்னு சும்மாவா சொன்னாங்க? எழுந்து வாண்ணா, களி ஆறுது" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மறுநாள் காலையில் சென்னப்பா வந்து காடுபாப்பா எங்கே என்று விசாரித்தார். அது எங்களுடையது, நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லியனுப்பினீர்கள் என்று விசாலம் அவரையே திருப்பிக் கேட்டாள். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். முத்தையா அதை மொழிபெயர்க்க முன்வரவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது பஸ்தான். அதே கரிவண்டி, அதே கண்டக்டர். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே முன் சீட்டிலிருந்த இரண்டு பேரை எழுப்பி, தன் துண்டால் பலகையைத் துடைத்துவிட்டார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார்.

"கொழந்த எங்கீங்க?"

விசாலம்தான் சொன்னாள்: "அதுக்குப் பொறந்த வீடு எங்க வீட்டைவிடப் பெரிசா இருந்துது. அங்கேயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டோம்."

"அதும் சரிதாங்க. நீங்க முன்னாலயே குந்துங்க" என்றார் கண்டக்டர். முதல் மேட்டில் வண்டி வழக்கம்போல நின்றது. நான் இறங்கப்போனேன். நீங்கள் இருங்கள் என்று என்னைத் தடுத்துவிட்டு அவர் இறங்கினார். ஜன்னலோரம் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டே, மூச்சுக்கு நடுவில் கேட்டார்.

"பேராச்சும் வெச்சீங்களா?"

விசாலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"மங்களம்" என்றேன்.

வண்டி மேடேறி, புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. விசாலம் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த பாலாடையை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்க வெச்சுக்குங்க" என்றாள்.